காட்டெலி எவ்வளவு தூரம் நடமாடும்? வெப்பமண்டலக் காட்டில் அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு காட்டெலி எவ்வளவு பரப்பில் நடமாடும் என்று யாராவது கேட்டால், "எதை வைத்து அளக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. அதே காடு, அதே இனம், அதே மாதம். பொறியில் சிக்கிய இடங்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஓர் எண் வரும். ரேடியோ காலர் மாட்டிப் பின்தொடர்ந்தால் வேறோர் எண் வரும். இரண்டில் ஒன்று பொய் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன. இது புரியாமல் இறங்கினால், மாதக்கணக்கில் காட்டில் அலைந்த பிறகும் கையிலிருக்கும் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. அதனால் கீழே ஒவ்வொரு கருவியைப் பற்றிச் சொல்லும்போதும், அது எதைக் காட்டும், எதைக் காட்டாமல் விடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எலிக்குப் போய் ஏன் இவ்வளவு பாடு? பனாமாவில் பாரோ கொலராடோ என்று ஒரு தீவு இருக்கிறது. பனாமா கால்வாய்க்காக ஆற்றை மறித்து ஏரி உண்டாக்கியபோது, முழுகாமல் மிஞ்சிய குன்று அது. அங்கே ஒரு பனை வகையின் விதைகளில் சின்ன ரேடியோ கருவிகளைக் கட்டி, அகூட்டி என்ற கொறித்துண்ணி அவற்றை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அகூட்டி விதையைப் புதைத்து வைக்கிறது. பக்கத்தில் வாழும் இன்னொரு அகூட்டி அதைத் தோண்டித் திருடிக்கொண்டுபோய்த் தன் இடத்தில் புதைக்கிறது. ஒரே ஒரு விதை 36 முறை புதைக்கப்பட்டது. 2012ல் வெளியான இந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: ஒவ்வொரு அகூட்டியின் நடமாட்டப் பரப்பும் சிறியது, ஆனால் அந்தச் சிறு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் விதை கைமாறிக் கைமாறி நூறு மீட்டரையும் தாண்டிப் போகிறது. அந்தப் பனையின் விதைகளை ஒருகாலத்தில் சுமந்து சென்றிருக்கக்கூடிய பேருருவ விலங்குகள் அழிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்த வேலையை இன்று இந்தத் திருடர்கள்தான் பார்க்கிறார்கள். எலியின் எல்லை எங்கே முடிகிறது என்பது மரத்தின் எதிர்காலத்தையும் தீர்மானிக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

நடமாட்டப் பரப்பு, அதாவது ஹோம் ரேஞ்ச், என்பதற்கு இன்றும் பயன்படும் வரையறையை 1943ல் வில்லியம் பர்ட் என்ற விலங்கியலாளர் கொடுத்தார். உணவு தேட, இணை சேர, குட்டிகளைப் பேண ஒரு விலங்கு வழக்கமாகப் புழங்கும் இடம்தான் அது. எப்போதாவது வேவு பார்க்க வெளியே போய்வந்தால் அது கணக்கில் சேராது. அந்த இடத்தில் மற்றவர்களை விரட்டிக் காக்கும் பகுதி வேறு. அது ஆட்சி எல்லை. பல கொறித்துண்ணிகளுக்கு நடமாட்டப் பரப்பு உண்டு, ஆட்சி எல்லை கிடையாது.

இப்போது உங்கள் கேள்வி எது என்று பாருங்கள். ஓர் இரவில் அது எந்தப் பாதையில் போகிறது, விழுந்த மரத்தின் மேலா, அடியிலா என்று தெரிய வேண்டுமென்றால் நூல்கண்டு முறை, அதாவது எலியின் முதுகில் நூல்கண்டை ஒட்டி, அவிழ்ந்த நூலைப் பின்தொடர்வது. ஒரு பருவம் முழுக்க அது எவ்வளவு இடத்தைப் பயன்படுத்துகிறது என்றால் ரேடியோ காலர். ஒரு ஹெக்டேரில் எத்தனை எலிகள், பொதுவாக ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் புழங்குகிறது என்று சேர்த்துத் தெரிய வேண்டுமென்றால் பொறிக் கட்டம், அதாவது சம இடைவெளியில் வரிசை வரிசையாகப் பொறிகள் வைப்பது. மூன்றையும் ஒரே பருவத்தில் அரைகுறையாகச் செய்வதைவிட ஒன்றை ஒழுங்காகச் செய்வது மேல். பணமும் ஆளும் இருந்தால் பொறிக் கட்டத்தோடு நூல்கண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். செலவு குறைவு, பலன் அதிகம்.

படி 2: எந்த விலங்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெப்பமண்டலக் காட்டில் கொறித்துண்ணி என்றால் ஒரே மாதிரி விலங்கு அல்ல. போர்னியோவில் மாக்சோமிஸ் எலிகள் பெரும்பாலும் தரையிலேயே திரியும். அதே காட்டில் லியோபோல்டமிஸ் என்ற நீண்ட வால் பெரிய எலி கொடியிலும் மரத்திலும் ஏறும். ஆப்பிரிக்கக் காடுகளின் கிரிசெட்டோமிஸ் என்ற கன்னப்பை எலி ஒரு கிலோவையும் தாண்டும். தென் அமெரிக்காவில் புரோஎக்கிமிஸ், அதாவது முள் போன்ற விறைத்த மயிர் கொண்ட எலி, இரவில் நடமாடும், அகூட்டி பகலில். ஆப்பிரிக்காவின் வரி எலியான ஹைபோமிஸும் பகலில்தான் திரியும். உங்கள் இனம் பகல் விலங்கு என்றால் பொறி பார்க்கும் நேரம், ரேடியோ கேட்கும் நேரம், தூங்கும் நேரம் எல்லாமே தலைகீழாகும்.

காடு எப்போது காய்க்கிறது என்பதையும் விசாரித்து வையுங்கள். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் டிப்டெரோகார்ப் மரங்கள் பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, ஒரே ஆண்டில் கூட்டமாகக் காய்த்துத் தள்ளும். அந்த ஆண்டில் எடுத்த அளவையும் சாதாரண ஆண்டில் எடுத்த அளவையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் காட்டை ஒப்பிட்டதாகாது, பழத்தை ஒப்பிட்டதாகத்தான் ஆகும்.

படி 3: அனுமதியும் உடல்நலமும்

காட்டுக்குள் நுழைய, விலங்கைப் பிடிக்க, அடையாளமிட, ரேடியோ அலைவரிசையைப் பயன்படுத்த என்று தனித்தனி அனுமதிகள் தேவைப்படலாம். விலங்கு நலக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இவை வர நாளாகும், சீக்கிரமே விண்ணப்பியுங்கள்.

உடல்நலத்தில் சமரசமே வேண்டாம். எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். சில இனங்கள் ஹான்டா வைரஸையும் அரினா வைரஸையும் சுமக்கின்றன. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தாலே தொற்றலாம். ஆசியக் காடுகளில் எலியோடு வாழும் நுண்ணிய உண்ணிகளின் இளம்புழுக்கள் கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் வரும். கையுறை, முகக்கவசம், நீண்ட கை சட்டை, பொறி கழுவக் கிருமிநாசினி இவை இல்லாமல் ஒரு பொறியையும் திறக்காதீர்கள். காடு முடித்து வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எலிகளைக் கையாண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

படி 4: பொறிக் கட்டம் அமைப்பது

முழு ஆய்வின் தரமும் தீர்மானமாகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வழக்கமாகப் பத்துக்குப் பத்து என்று 100 பொறிகளை 10 மீட்டர் இடைவெளியில் வைப்பார்கள். பக்கத்துக்கு 90 மீட்டர், மொத்தம் 0.81 ஹெக்டேர். இப்போது உங்கள் எலியின் நடமாட்டப் பரப்பு அரை ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்குள் முழுதாக அடங்கும் எலி ஒன்றிரண்டுகூட இருக்காது. மற்ற எல்லாவற்றின் பரப்பும் விளிம்பைத் தாண்டி வெளியே வழியும். வெளியே பொறி இல்லை, ஆகவே வெளியே போனது உங்களுக்குத் தெரியாது. பரப்பு சிறியது என்று எழுதிவிடுவீர்கள். அளந்தது எலியை அல்ல, உங்கள் கட்டத்தை. அதே 100 பொறிகளை 20 மீட்டர் இடைவெளியில் வைத்தால் பக்கத்துக்கு 180 மீட்டர், 3.24 ஹெக்டேர் கிடைக்கும். அதற்காக இடைவெளியை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. ஒரே எலி இரண்டு மூன்று வேறு பொறிகளிலாவது சிக்கினால்தான் அதன் நகர்வு தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியைப் பிடிக்க ஒரு முன்னோட்டம் நடத்திப் பாருங்கள். எலிகள் பெரும்பாலும் ஒரே பொறியில்தான் திரும்பத் திரும்பச் சிக்குகின்றன என்றால் இடைவெளி அதிகம். ஒரு மூலையில் சிக்கியது மறுநாள் எதிர் மூலையில் சிக்குகிறது என்றால் கட்டம் சிறியது.

சிறிய எலிகளுக்கு மடக்கும் அலுமினியப் பெட்டியான ஷெர்மன் பொறி. பெரியவற்றுக்குக் கம்பிவலைக் கூண்டு. கட்டப் புள்ளியில் துல்லியமாக வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். ஓரிரு மீட்டருக்குள் விழுந்த மரம், பலகை வேர், புதர் அடி எது இருக்கிறதோ அதை ஒட்டி வையுங்கள், வைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறும் இனங்கள் இருந்தால், சில பொறிகளைக் கொடிகளிலும் கிளைகளிலும் கட்டத்தான் வேண்டும். தரையில் மட்டும் வைத்துவிட்டு "இந்தக் காட்டில் மரமேறிகள் குறைவு" என்று எழுதுவது நியாயமில்லை.

இரை எதுவானாலும் எல்லாப் பொறியிலும் ஒன்றே இருக்கட்டும். வேர்க்கடலை வெண்ணெயோடு ஓட்ஸ் பிசைந்தது பரவலாகப் பயன்படுகிறது. வாழைப்பழமும் தேங்காயும் பல இடங்களில் எடுபடும். முதல் இரண்டு மூன்று இரவுகள் கதவு மூடாதபடி செய்து, இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள். அப்புறம் குறைந்தது ஐந்து இரவாவது தொடர்ந்து பிடியுங்கள்.

இந்தக் காடுகளில் பொறிக்குள் இருக்கும் விலங்கைக் கொல்வது பெரும்பாலும் மூன்று: எறும்பு, மழை, வெயில். இரையின் வாசனைக்கு எறும்புகள் வரிசை கட்டி வரும்; உள்ளே மாட்டிய எலி தப்ப முடியாது. எறும்புப் புற்றுக்கோ எறும்புத் தடத்துக்கோ பக்கத்தில் பொறி வைக்கக் கூடாது. எறும்பு மொய்த்த பொறியை அன்றே இடம் மாற்றுங்கள். பொறியை லேசாகச் சாய்த்து வைத்தால் தண்ணீர் தேங்காது. மேலே ஒரு பிளாஸ்டிக் தாளும் சில இலைகளும் போடுங்கள். உள்ளே ஒரு பிடி உலர்ந்த நார் இருந்தால் நனைந்த எலி குளிரில் விறைக்காது. விடிந்ததும் எல்லாப் பொறியையும் பார்த்துவிட வேண்டும். பகல் இனம் உங்கள் இலக்கு இல்லையென்றால் பகலில் மூடியே வையுங்கள். மழை கொட்டித் தீர்க்கும் என்று தெரிந்தால் அன்றிரவு பொறியைத் திறக்காமல் விடுங்கள். ஒரு நாள் தரவு போனால் போகட்டும்.

படி 5: கையாளுதல்

பொறியின் வாயில் துணிப்பையைச் செருகி எலியைப் பைக்குள் இறக்குங்கள். பையோடு எடை போட்டுப் பிறகு பையின் எடையைக் கழியுங்கள். ஆணா பெண்ணா, இளசா முதிர்ந்ததா, பெண்ணானால் பால் கொடுக்கிறதா, கர்ப்பமா, ஆணானால் விரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இனப்பெருக்க நிலை தெரியாத நடமாட்டத் தரவு பாதித் தரவுதான். அடையாளத்துக்குக் காதில் எண் பொறித்த சிறு தகடு போடலாம், ஆனால் காது கிழிந்து தகடு விழ வாய்ப்பு உண்டு. தோலுக்கடியில் செலுத்தும் 12 மில்லிமீட்டர் சிப் விலை கூடினாலும் விழாது. பிடித்த அதே பொறியின் அருகிலேயே விடுங்கள். வேறிடத்தில் விட்டால் அடுத்த நாளின் நகர்வு முழுக்க வீடு திரும்பும் நகர்வாகிவிடும்.

படி 6: நூல்கண்டு முறை

எல்லா முறைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. மின்கலம் வேண்டாம், ஆன்டெனா வேண்டாம். எலி நடந்த பாதையே நூலாகத் தரையில் கிடக்கும்.

நடுவில் உருளை இல்லாத, உள்பக்கத்திலிருந்து அவிழும் மெல்லிய நைலான் நூல்கண்டு ஒன்று வேண்டும். எடை சில கிராம்தான், நூலோ நூறு மீட்டருக்கு மேல் இருக்கும். அதை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி, நூல் வெளிவர ஒரு சின்ன ஓட்டை விடுங்கள். எலியின் தோள்பட்டைகளுக்கு நடுவே மயிரைக் கொஞ்சம் கத்தரித்து, விரைவில் காயும் பசையால் ஒட்டுங்கள். பசை மயிரில் பட வேண்டும், தோலில் படக் கூடாது. நூலின் முனையை ஒரு செடியில் கட்டிவிட்டு எலியை விடுங்கள், உடனே அந்த இடத்தைவிட்டு நகருங்கள். கண்டு சில நாட்களில் தானாக உதிர்ந்துவிடும்.

மறுநாள் காலை திசைகாட்டி, அளவு நாடா, குறிப்பேடோடு நூலைப் பின்தொடருங்கள். முதல் பத்திருபது மீட்டர் நேர்கோடாக, ஓட்டமாக இருக்கும். அது உங்களுக்குப் பயந்து ஓடியது, கணக்கில் சேர்க்காதீர்கள். அதன்பிறகு நூல் வளையத் தொடங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் திசையையும் தூரத்தையும் எழுதுங்கள். நூல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். விழுந்த மரத்தின் முதுகில் நீளவாக்கில் போயிருக்கிறதா, வேரடியில் நுழைந்திருக்கிறதா, ஒரே இடத்தில் பலமுறை சுற்றியிருக்கிறதா? சுற்றியிருந்தால் அங்கே கொறித்துப்போட்ட பழத் தோலோ விதை ஓடோ கிடக்கும், தேடுங்கள். நூல் வளைக்குள் இறங்கிவிட்டால் கூடு எங்கே என்பதும் தெரிந்துவிடும். 60 மீட்டர் நூல் அவிழ்ந்தும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்த்தூரம் 20 மீட்டர் என்றால், அது அந்த இடத்தைச் சலித்துத் தேடியிருக்கிறது. அறுபதில் ஐம்பது என்றால் எங்கோ குறிவைத்துப் போயிருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பொறி ஒருநாளும் சொல்லாது.

இதன் குறை, ஓரிரவுக்கு மேல் அநேகமாகக் கிடைக்காது என்பது. ஒளிரும் பொடியை எலியின் மேல் தூவி, புற ஊதா விளக்கால் தடம் பார்க்கும் முறையும் இருக்கிறது, ஆனால் தினம் மழை பெய்யும் காட்டில் பொடி மழையோடு அடித்துப்போகும்.

படி 7: ரேடியோ காலர்

கருவியின் எடை விலங்கின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலான விதி. 3 சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்லது. 100 கிராம் எலிக்கு 5 கிராம், 30 கிராம் சுண்டெலிக்கு ஒன்றரை கிராம். பட்டை, பசை எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. எடை குறையக் குறைய மின்கலத்தின் ஆயுளும் குறையும். வளரும் குட்டிக்கும் கர்ப்பமான பெண்ணுக்கும் காலர் வேண்டாம். மாட்டிய முதல் ஓரிரு இரவுகளின் தரவையும் ஒதுக்கிவிடுங்கள்; அது காலருக்குப் பழகும் காலம்.

இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஆன்டெனாவால் சிக்னல் வரும் திசை எடுத்து, கோடுகள் வெட்டும் புள்ளியை எலியின் இடம் என்று குறிப்பதுதான் வழக்கம். அடர்ந்த காட்டில் இதன் பிழையை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். சிக்னலை ஈரமான இலைகள் விழுங்கும், பாறையும் சரிவும் திருப்பியடிக்கும். திசையில் 5 டிகிரி பிழை என்றால் 200 மீட்டர் தொலைவில் அது 17 மீட்டருக்கு மேல் வரும். 0.3 ஹெக்டேரில் நடமாடும் எலிக்கு, பரப்பை வட்டமாக வைத்தால் ஆரமே 31 மீட்டர்தான். உங்கள் பிழை எலியின் உலகத்தில் பாதிக்கு மேல்! 50 மீட்டருக்குள் நெருங்கித் திசை எடுத்தால் அதே 5 டிகிரி நாலரை மீட்டருக்குள் அடங்கும். அதனால் நெருங்கிப் போங்கள், ஆனால் எலியை விரட்டும் அளவுக்கு நெருங்காதீர்கள். இரண்டு திசைக்கோடுகளும் செங்கோணத்துக்குப் பக்கத்தில் வெட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நேர இடைவெளி சில நிமிடங்களைத் தாண்டக் கூடாது. ஆள் இருந்தால் இருவர் ஒரே நேரத்தில் எடுப்பது நல்லது. தொடங்குமுன் ஒருவர் ஒரு டிரான்ஸ்மிட்டரை எங்காவது ஒளித்துவைக்க, மற்றவர் கண்டுபிடிக்கட்டும். பல இடங்களில் இதைச் செய்து உங்கள் சராசரிப் பிழையை எழுதிவையுங்கள். அந்த எண் இல்லாத ரேடியோ ஆய்வை நான் நம்பமாட்டேன்.

ஜி.பி.எஸ் காலர் அகூட்டி போன்ற பெரியவற்றுக்குப் பொருந்தும். ஆனால் மர உச்சிகள் கூரைபோல் மூடிய அடர்ந்த விதானத்தின் கீழ் புள்ளிகள் சிதறும், அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுக்கப் பரவலாகப் புள்ளி எடுங்கள். முன்னிரவில் மட்டும் எடுத்தால் முன்னிரவின் பரப்புதான் கிடைக்கும். நிலா வெளிச்சத்தில் பல இரவு எலிகள் திறந்த இடத்தைத் தவிர்க்கும் என்பதால் அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் உள்ளடக்குங்கள். பகலில் ஒருமுறை சிக்னலைத் தொடர்ந்து போய்க் கூட்டைக் கண்டுபிடியுங்கள்.

படி 8: கணக்கு

மிகப் பழைய வழி, எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வெளிப்புறப் பலகோணம் வரைவது. 1947ல் மோர் (Mohr) என்ற ஆய்வாளர் எழுதியதிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. எளிது, ஆனால் எலி ஒருநாளும் மிதிக்காத ஓடையும் உள்ளே சேர்ந்துவிடும். புள்ளி கூடக்கூடப் பரப்பும் கூடும். புள்ளி எண்ணிக்கைக்கு எதிரே பரப்பை வரைந்து பாருங்கள். கோடு இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் தரவு போதவில்லை. பழைய ஆய்வுகளோடு ஒப்பிட மட்டும் இதைக் கொடுங்கள்.

1989ல் வொர்ட்டன் அறிமுகப்படுத்திய கெர்னல் முறை, எலி எங்கே அதிகம் இருந்தது, எங்கே குறைவு என்று காட்டும். எலி 95 சதவீத நேரம் இருக்கும் பரப்பையும் 50 சதவீத நேரம் இருக்கும் மையப் பகுதியையும் தருவது வழக்கம். ஒரு விலங்குக்கு குறைந்தது 30, முடிந்தால் 50 புள்ளிகள் வேண்டும். மென்மையாக்கும் அளவை, அதாவது ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி எவ்வளவு அகலத்துக்குப் பரப்பிக் கணக்கிடுவது என்பதை, எப்படித் தேர்ந்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அதை மாற்றினாலே பரப்பு இரட்டிப்பாகலாம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை, அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் பரப்பு குறைவாக வரும். இந்தச் சார்பைக் கணக்கில் எடுக்கும் கெர்னல் முறை ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியின் சி.டி.எம்.எம் (ctmm) தொகுப்பில் இருக்கிறது.

பொறித் தரவுக்கு இவை இரண்டுமே சரிவராது. ஓர் எலி நான்கு முறை சிக்கியதை வைத்துப் பலகோணம் வரைவதில் அர்த்தமில்லை. அதற்கு இடம் சார்ந்த பிடிப்பு-மறுபிடிப்பு முறை இருக்கிறது. 2004ல் எஃபர்ட் முன்வைத்தது. எலியின் மையத்திலிருந்து பொறி விலக விலகச் சிக்கும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்பதை எல்லா எலிகளையும் சேர்த்து இது மதிப்பிடும். அதில் வரும் சிக்மா என்ற தூரம்தான் நடமாட்டத்தின் அளவு. அந்த வாய்ப்பு மணி வடிவ வளைவின் பாதியைப் போல் இறங்கினால், அதாவது அரை-இயல்பு வளைவு பொருந்தினால், 95 சதவீதப் பரப்பு ஏறத்தாழ சிக்மாவின் வர்க்கத்தைப் போல் 18.8 மடங்கு. சிக்மா 15 மீட்டர் என்றால் 4,230 சதுர மீட்டர், அதாவது 0.42 ஹெக்டேர். படி 4ல் சொன்ன இடைவெளிக்கும் இதுவே அளவுகோல்: பொறிகள் இரண்டு சிக்மாவுக்கு மேல் விலகியிருக்கக் கூடாது.

மரமேறிகளுக்கு இந்தத் தட்டையான எண்கள் பாதிக் கதைதான். உயரப் பதிவுகள் இருந்தால் எந்த உயரத்தில் எவ்வளவு நேரம் என்பதைத் தனியாகக் கொடுங்கள்.

படி 9: எண்ணைப் படிப்பது, எழுதுவது

பல இனங்களில் ஆணின் பரப்பு பெண்ணுடையதைவிடப் பெரிதாக, பல பெண்களின் பரப்புகளைத் தொட்டுச் செல்லும். பெண் உணவையும் கூட்டிடத்தையும் பார்த்து இடம் பிடிக்கிறது, ஆண் பெண்களைப் பார்த்துப் பிடிக்கிறது. எனவே இரண்டையும் கலந்து ஒரே சராசரி கொடுத்தால் இரண்டுமே மறைந்துபோகும். உணவு செழித்த இடத்தில் பரப்பு சுருங்குவது சாதாரணம். பெரிய பரப்பு என்றால் நல்ல காடு என்று முடிவு கட்டாதீர்கள், பசியாகவும் இருக்கலாம். பரப்பின் ஓரம் எதில் போய் முட்டுகிறது என்பதையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்து மழைக்காடுகளில் நடந்த ஆய்வுகள், காட்டை வெட்டிப்போகும் சாலையைக் கடக்கச் சிறு பாலூட்டிகள் தயங்குவதைக் காட்டின. உங்கள் வரைபடத்தில் பல எலிகளின் எல்லை ஒரே கோட்டில் நின்றால், அங்கே என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.

அறிக்கையில் பொறி இடைவெளி, கட்டத்தின் அளவு, எத்தனை இரவுகள், ஒரு விலங்குக்கு எத்தனை புள்ளிகள், திசைப் பிழை, எந்த முறை, எந்த மென்மையாக்கல் எல்லாம் பரப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இன்னொருவர் வேறொரு காட்டில் இதைத் திரும்பச் செய்ய அவைதான் வேண்டும். அப்புறம், காட்டைவிட்டு வருமுன் காலர் மாட்டிய ஒவ்வொரு எலியையும் மறுபடி பிடித்துக் காலரைக் கழற்றிவிடுங்கள், கிடந்த நூலையெல்லாம் சுருட்டி எடுத்துவிடுங்கள், பொறிகளை எண்ணிப் பாருங்கள். திறந்த வாயோடு காட்டில் மறந்துவிடப்பட்ட ஒரு பொறி, நீங்கள் போன பிறகும் பிடித்துக்கொண்டிருக்கும்.